இன்னும் மடக்காத ட்ரைபொட்

திங்கட்கிழமை காலையில் கண் விழித்ததும் அறைக்குள் கடல் மணந்தது. அட்டன் மலையில், அதுவும் மழை இப்படிப் பிடித்துக்கொண்டிருக்கும் நாளில், கடல் மணக்க ஒரு காரணமும் இல்லை. பிறகுதான் மூலையில் சாத்திவைத்த உன் ட்ரைபொட்டைப் பார்த்தேன். முந்தின நாள் நீர்கொழும்புக் கடற்கரையில் ஒரு கலியாண ஜோடியைப் படம் எடுத்துவிட்டு, வந்த களைப்பில் கழுவாமல் படுத்துவிட்டேன். நீ இருந்திருந்தால் எனக்குச் சோறு போட்டிருக்கமாட்டாய்.

இந்த முறை நன்றாகக் கழுவியே ஆகவேண்டும். போன வாரம் வட்டவளையிலிருந்து உன் அம்மா போன் எடுத்தார்கள். "அந்த மூணுகால் சாமான ஒருக்கா கொண்டாந்து குடுத்துரு புள்ள. அவ தொட்டுப் பொழங்குனது வீட்ல இருக்கட்டும்" என்றார்கள். கேட்டது நியாயம்தான். அது நீ வாங்கியது. சரிம்மா என்றேன். அதையும் கொடுத்துவிட்டால் எனக்கு என்ன மிச்சம் என்று அவர்களிடம் போய்க் கேட்க முடியுமா?

நம் இரண்டு பேருக்கும் கடல் புதுசு. முஸ்லிம் வீட்டுக் கலியாணங்களில் பெண்கள் பக்கம் படம் எடுக்கப் பெண்கள்தான் வேண்டும் என்று டவுன் கடைக்காரர்கள் நம்மைத் தேடி வந்தார்கள். தொழில் அப்படித்தான் தொடங்கியது. மண்டபத்தில் கொஞ்சம், தேயிலைக்கு நடுவே கொஞ்சம், அத்தோடு வேலை முடிந்துவிடும். பிறகு பொண்ணு மாப்பிள்ளைகளுக்கெல்லாம் கடற்கரைப் படம் வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. முதல் தடவை அலைக்குள்ளேயே ட்ரைபொட்டின் கால்களை ஊன்றி எடுத்தோம். திரும்பி வந்து என்ன செய்தோம்? மலைநாட்டுக்காரிகள் என்ன செய்வார்களோ அதைச் செய்தோம். நமக்குத் தெரிந்த ஒரே எதிரி ஈரம். சப்பாத்தில் பூஞ்சணம், லென்ஸில் பூஞ்சணம், தலையணையிலும் பூஞ்சணம். அதனால் ஒரு சொட்டுத் தண்ணீர் படவிடாமல் காய்ந்த துணியால் துடைதுடை என்று துடைத்து, பழைய சேலையில் சுற்றி அலுமாரியில் வைத்தோம். அடுத்த கலியாணத்தில் ஒரு கால் இறங்கவே இல்லை. மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் எல்லாரும் பார்த்திருக்க, நீ ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் இழுத்தோம். "உப்பு தின்னுருச்சுடி" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாய்.

அன்றிலிருந்து உனக்கு அதைக் கழுவுவது ஒரு பைத்தியம். கழுவாமல் மடக்கினால் கால்களில் ஒட்டிய மணல் உள்ளே போய் அறுக்குமாம். அதற்காக, நீட்டிய கால்களோடு அதை அப்படியே அட்டன் பஸ்ஸில் ஏற்றினாயே, எனக்கு மானம் போனது. கொண்டக்டர் அதற்கும் டிக்கெட் எடுக்கச் சொல்லிச் சிங்களத்தில் கேட்டார். அதற்குத்தான் மூன்று கால் இருக்கிறதே, நின்றுகொண்டே வரும், சீட் வேண்டாம் என்று நீயும் சிங்களத்திலேயே சொன்னாய். பஸ்ஸே சிரித்தது. நான் உன்னைத் தெரியாதவள் மாதிரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். "ஏ புள்ள, அங்க என்னா பாக்குற, ஒரு காலப் புடி" என்று அதன் ஒரு காலைத் தூக்கி என் மடியில் வைத்தாய். கினிகத்தேனை தாண்டியும் அது என் மடியில்தான் இருந்தது.

போன மழைக்குக் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்கு நடந்து போனவள் நீ, திரும்பி வரவில்லை. அதற்குப் பிறகு நான் கடலுக்குப் போனது இதுதான் முதல் தடவை. ட்ரைபொட்டைத் தனியாகக் கழுவியதும் இதுதான் முதல் தடவை. கால்களை முழுக்க நீட்டி, வெறும் தண்ணீரில் அலசி, திருகு வளையங்களைக் கழற்றி, பழைய பல் பிரஷ்ஷால் மரைகளைத் தேய்த்தேன். வளையம் இறுகியிருந்தால் நீ காலைப் பிடித்துக்கொள்வாய், நான் திருகுவேன். இந்தத் தடவை முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு திருகினேன். கீழே கடையில் ஆள் இருக்கிறார்கள், கூப்பிட்டால் வந்து பிடிப்பார்கள். ஆனால் பிடித்துக்கொண்டே வாய் ஓயாமல் பேச யார் வருவார்கள்? நாள் முழுக்க நான் ஒரு வார்த்தை பேசவில்லை என்பது விளக்குப் போடும்போதுதான் தெரிந்தது.

ஒன்று சொல்கிறேன், சிரிக்காதே. நீ இருந்த நாளின் மணல் ஒரு மணியாவது உள்ளே தங்கியிருக்கும் என்று தேடினேன். கொடுத்துவிடுவதற்கு முன்னால் அதையாவது எடுத்துவைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை அலை கீழ் வளையங்களைத்தான் தொட்டது. மேல் வளையங்களில் ஏதாவது இருந்தால் அது உன் காலத்து மணலாகத்தான் இருக்கும். தேய்ப்பதற்கு முன்னால் ஒவ்வொன்றாகக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். பளிச்சென்று இருந்தன. அவ்வளவு சுத்தமாகக் கழுவி வைத்திருக்கிறாய். எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது, அழுகை பிறகுதான் வந்தது. ஒரு நாளாவது நீ சோம்பேறியாக இருந்திருக்கக் கூடாதா?

கழுவிய ட்ரைபொட் இப்போது அறை நடுவே கால்களை விரித்துக்கொண்டு நிற்கிறது. சின்ன அறை, உனக்குத் தெரியும். தேத்தண்ணி ஊற்றப் போனாலும் கதவைத் திறக்கப் போனாலும் அதற்கு வழி விட்டு ஒதுங்கித்தான் போகிறேன். அப்படி ஒதுங்குவது எனக்குப் பிடித்திருக்கிறது.

நேற்று, வெள்ளிக்கிழமை, அம்மா மறுபடியும் போன் எடுத்தார்கள். "இன்னும் காயலம்மா, மழைதானே" என்றேன். பொய். அது புதன்கிழமையே காய்ந்துவிட்டது.

அந்தப் பக்கம் தோட்டத்து லயத்தின் கூரைத் தகரத்தில் மழை விழும் சத்தம் கேட்டது. பிறகு அம்மா சொன்னார்கள்:

"காயட்டும் புள்ள, ஒண்ணும் அவசரமில்ல. ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு மொத நாளு அவ தொவச்சுப் போட்ட சுவெட்டரு இங்க அடுப்படிக் கொடியிலதான் கெடக்கு. அதுவும் இன்னும் காயல."

வெகுநேரம் எங்கள் இரண்டு பேருக்கும் போனை வைக்க மனம் வரவில்லை.