இருபத்துநான்கு எலிகளும் ஒரு மூடிய உறையும்

மார்ச் 4, திங்கள்

பத்தாவது வாரம். காலையில் எட்டு எலி. மயக்க வாயு, மூக்கில் குட்டி முகமூடி, வயிற்றுக்கு அடியில் சூடான மெத்தை, பின்பக்கமாகக் கேமரா குழாய். குழாயின் தடிமன் இரண்டு மில்லிமீட்டர். அவசரப்பட்டால் குடல் கிழிந்துவிடும். ஆறு வருடத்தில் என் கையில் கிழிந்தவை மூன்றுதான். அதனால் என் ஆய்வு வழிகாட்டி சார் வேறு யாரையும் தொடவிடுவதில்லை. "உன் கை மாதிரி வராதும்மா" என்கிறார். இந்தக் கையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போய்விடலாமா என்று இருக்கிறது.

எல்லா எலிக்கும் குடல் அழற்சி உண்டு, நாங்கள் வரவழைத்ததுதான். பாதிக்கு வாயில் மருந்து ஊட்டுகிறோம், பாதிக்கு வெறும் தண்ணீர். ஊட்டுவது எதிர்மேசைத் தோழி. எது எதற்கு என்று எனக்குத் தெரியக்கூடாது. பட்டியல் ஒட்டிய உறைக்குள், உறை சாருடைய பீரோவுக்குள். நான் திரையைப் பார்த்து மதிப்பெண் போட வேண்டும்: குடல் சுவர், ரத்தக்குழாய், வெள்ளைப் படலம், சொரசொரப்பு, மலம். ஒவ்வொன்றுக்கும் பூஜ்யம் முதல் மூன்று வரை. கூட்டினால் பதினைந்துக்கு இவ்வளவு. அதிகம் வாங்கினால் அதிக நோய்.

மார்ச் 6, புதன்

போனில் மகள். "ஜூன்ல எனக்கு பள்ளிக்கூடம். நீ வந்துடுவியா?" வந்துடுவேன் என்றேன். பின்னாலிருந்து என் வீட்டுக்காரர்: "இந்தத் தடவையாவது சொன்ன தேதிக்கு வா. எங்கக்காவையே எத்தனை நாள் பிள்ளை பார்க்கச் சொல்றது?"

நாத்தனார் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அதுவே எனக்குப் பெரிய பாரமாக இருக்கிறது.

மார்ச் 11, திங்கள்

உறையைப் பிரித்தோம்!

மருந்து எலிகளின் சராசரி நான்கு. தண்ணீர் எலிகளுக்குப் பத்து. சார் அந்த இரண்டு எண்ணையும் பலகையில் எழுதி வட்டம் போட்டார். ஏப்ரலில் ஆய்வேட்டைக் கொடுத்துவிடு என்றார். கேக் வாங்கி வந்தார்கள். இரண்டு துண்டு சாப்பிட்டேன். ஏப்ரல், மே. ஜூன் வருவதற்குள் அங்கே இருப்பேன்.

மார்ச் 12, செவ்வாய்

கூண்டு கழுவும் அக்காவுக்கும் ஒரு துண்டு கேக் கொண்டுபோனேன். எனக்கு இன்னும் பட்டம் வரவில்லை என்று தெரிந்தே "டாக்டரம்மா" என்று கூப்பிட்டுக் கிண்டல் செய்பவர்.

"மருந்து நல்லா வேலை செய்யுதுக்கா. இவ்வளவு நாளா எது எதுன்னே தெரியாம பார்த்தேன்."

"தெரியாமலா? மருந்து குடிக்கிறதெல்லாம் மஞ்சளா போகுமே டாக்டரம்மா. கூண்டைத் திறந்தாலே தெரியும். உங்களுக்கெல்லாம் தெரியும்னுல்ல நினைச்சேன்."

சிரித்து வைத்தேன். கழிப்பறையில் போய் நின்றுகொண்டேன்.

மார்ச் 13, புதன்

எனக்குத் தெரியாது. நான் கவனிக்கவில்லை. அவ்வளவுதான்.

மார்ச் 14, வியாழன்

தெரியும்.

எந்த வாரம் என்று கேட்டால் இரண்டாவது வாரம். ஒன்பதாம் எண் எலி. திரை ஓரத்தில் மஞ்சளாக ஒன்று. அட, இது மருந்து எலி போலிருக்கிறதே என்று தோன்றியது. தோன்றியதை அப்படியே அமுக்கிவிட்டேன். அதற்குப் பிறகு மஞ்சளைப் பார்த்தாலே சுவர் தெளிவாகத் தெரிந்தது, ரத்தக்குழாய் அழகாகத் தெரிந்தது. கை தானாக ஒன்று போட்டது. பொய் எழுதவில்லையே நான். கண்ணுக்கு அப்படித்தானே தெரிந்தது? கண்ணை யார் கெடுத்தது? நான்தானே. ஊருக்குப் போகணும், போகணும்னு பறந்துக்கிட்டு இருந்தது நான்தானே.

மார்ச் 17, ஞாயிறு

தோழியிடம் காரணம் சொல்லாமல் வீடியோக்களைக் கருப்பு வெள்ளையாக்கி, எண்ணைக் குலைத்துத் தரச் சொன்னேன். இரண்டு நாள் உட்கார்ந்து மறுபடி மதிப்பெண் போட்டேன். மருந்துக்கு ஏழு. தண்ணீருக்கு எட்டு.

கருப்பு வெள்ளையில் சில விவரம் போய்விடும், இது நியாயமான சோதனை இல்லை என்று எனக்கு நானே வக்கீல் வைத்து ஒரு மணி நேரம் வாதாடினேன். வக்கீல் தோற்றுப்போனார்.

மார்ச் 18, திங்கள்

வீட்டுக்காரரிடம் போனில் சொன்னேன். எல்லாம் கேட்டுவிட்டு, "இது யாருக்குத் தெரியப்போகுது?"

"கூண்டு கழுவுறவங்களுக்குத் தெரியும்ங்க."

"அவங்க போய் யார்கிட்ட சொல்லப்போறாங்க?"

அவர் கெட்டவர் இல்லை. தனியாக ஒரு பிள்ளையை வளர்த்துக் களைத்துப்போனவர். நானும் அதையேதான் மூன்று நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன், அவர் வாய்விட்டுச் சொல்லிவிட்டார்.

சொன்னால் இங்கே மாட்டிக்கொள்வேன். சொல்லாவிட்டால் ஊர் போய்ச் சேர்வேன், ஆனால் அந்த நான்கும் பத்தும் கூடவே வரும். நாளைக்கு ஒரு நோயாளி வயிற்றைப் பிடித்துக்கொண்டு இந்த மருந்தை நம்பி விழுங்குவார். எந்தப் பக்கம் போனாலும் சுவர்.

மார்ச் 20, புதன்

சாரிடம் சொல்லிவிட்டேன். கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"பத்து வாரமா என்கிட்ட சொல்லணும்னு தோணலையா?"

"என்கிட்டயே சொல்லிக்கலை சார்."

திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் அழுது முடித்திருக்கலாம். "முதல்லேருந்து செய்யணும். டிசம்பர் ஆகும். உன்னை விட்டா ஆளில்லை" என்றார். அறையை விட்டு வந்தபோது பலகையை அழித்துக்கொண்டிருந்தார். வட்டம் மட்டும் சரியாக அழியவில்லை, இரண்டு தரம் துடைத்தார்.

மார்ச் 21, வியாழன்

டிசம்பர் என்று வீட்டுக்காரருக்குச் செய்தி அனுப்பினேன். பார்த்துவிட்டார். பதில் இல்லை.

ஏப்ரல் 2, செவ்வாய்

மகளிடம் நானே சொன்னேன். "டிசம்பர்னா எத்தனை தூக்கம்?" என்று கேட்டாள். எண்ணிச் சொல்லத் தைரியம் வரவில்லை. நிறைய என்றேன். "நூறுக்கு மேலயா?" அவளுக்கு நூறு வரைக்கும்தான் எண்ணத் தெரியும்.

ஜூன் 3, திங்கள்

புதிதாக இருபத்துநான்கு எலி. இந்த முறை தண்ணீர்க் குழுவுக்கும் கெடுதல் செய்யாத மஞ்சள் சாயம் கலந்து ஊட்டுகிறோம். "இப்ப எனக்கே எது எதுன்னு புரியல" என்று அக்கா குறைப்பட்டுக்கொண்டார். முதல் எலியின் குடலை நெடுநேரம் பார்த்தேன். மஞ்சள் இருந்தது, அது எதையும் சொல்லவில்லை. சுவர் மங்கல்தான். இரண்டு போட்டேன்.

மாலையில் அவர் பள்ளிக்கூடப் படிவத்தைப் படம் எடுத்து அனுப்பியிருந்தார். 'சரியா இருக்கான்னு பாரு, நாளைக்குக் கொடுக்கணும்.' இரண்டு மாதத்தில் அவராக அனுப்பிய முதல் செய்தி.

பெரிதாக்கிப் பார்த்தேன். பிறந்த தேதி சரி. ரத்த வகை சரி. குழந்தையை அழைத்துச் செல்பவர் என்ற இடத்தில் நாத்தனார் பெயர். உறவு: அத்தை.

எல்லாம் சரியாக இருக்கிறது என்று பதில் அனுப்பினேன்.