அங்கணத்தில் நின்ற தண்ணீர்

சௌமிய வருஷம், ஐப்பசி. சனிக்கிழமை, இரவு.

தலையில் எண்ணெயும் கண்ணில் சீயக்காயுமாக, இடுப்பில் ஈரத்துண்டோடு நின்று இன்று பெண்டாட்டியைச் சத்தம் போட்டேன். குளிக்கிற அங்கணத்தில் தண்ணீர் போகாமல் கணுக்கால் மட்டும் ஏறி, அடுக்களைக்குள் நுழைந்துவிட்டது. நாளைக் காலையில் மகளைப் பெண் பார்க்கப் பேட்டையிலிருந்து வருகிறார்கள். வீடெல்லாம் நாற்றம்.

"எல்லாம் ஒன் தலைமுடிதான். வெள்ளிக்கிழமைதோறும் இங்கனதானே அலசுத?" என்றேன்.

"நேத்து நாங் குளிக்கையில சரசரன்னு போச்சே. இன்னைக்கு நீங்க குளிக்கையிலதான நிக்கு? உங்க தலையிலயோ கொட்டுததுக்கு முடியே கெடையாது!" என்றாள். மகள் வாயைப் பொத்திக்கொண்டு ஓடினாள்.

தோட்டத்துப் பக்கம் போய், தண்ணீர் வெளியேறும் தூம்புக்குள் துறட்டியை விட்டுக் குடைந்தேன். முதுகு விட்டுப்போயிற்று. கடைசியில் ஒரு பந்து வந்து விழுந்தது. பின்னாலேயே தண்ணீரும் பாய்ந்தது. பார்த்தால், என் பழைய வேட்டிக் கிழிசல். பெருச்சாளி வருமென்று நேற்று ராத்திரி தூம்பை அடைத்தவன் நான்தான். காலையில் எடுக்க மறந்திருக்கிறேன்.

அதைத் தொழுவத்துக்குப் பின்னால் வீசிவிட்டு உள்ளே வந்து, "முடிதான். கொத்துக் கொத்தா வந்துது" என்றேன்.

அவள் சாம்பல் போட்டு அங்கணத்தைத் தேய்த்துக் கழுவினாள். முதுகு வலிக்கு மிளகு ரசம் வைத்துத் தந்தாள். பாவம், நம்பிவிட்டாள் என்றுதான் படுத்தேன்.

தூக்கம் வராமல் இப்போது வெளியே போய் வந்தேன். கொடியில் என் நல்ல வேட்டிகளுக்கு நடுவே அந்தக் கிழிசலும், கசக்கிப் பிழிந்து, காய்கிறது.