பூட்டியது நான்தான்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம், உடம்பைப் பொறுத்தவரை. நீ அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்குக் காதை மூடிக்கொண்டு, நல்லபடியாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். வாரம் தவறாமல் போனில் பேசுகிற மனிதர் திடீரென்று காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்துவிட்டாரே என்று பயந்துவிடாதே, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அம்மாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. என் முழங்கால் படியேறும்போது மட்டும் குரல் கொடுக்கிறது. மாடியில் ஒழுகிய இடத்தைப் பூசியாகிவிட்டது, கொத்தனார் மூன்று நாள் வேலையை மூன்று வாரம் செய்தார். உன் அண்ணன் மகளுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன, சிரித்தால் ஜன்னல் திறந்தது போல இருக்கிறது. இதெல்லாம் உனக்குத் தெரிந்ததுதான். தெரியாதது ஒன்று இருக்கிறது. அதைப் போனில் சொல்லலாம் என்று பார்த்தால், போனை எடுத்ததும் எனக்கு முன்னால் என் நாக்கு ஒரு பொய்யைச் சொல்லிவிடுகிறது. போன ஞாயிற்றுக்கிழமை அப்படித்தான் ஆயிற்று.

அன்றைக்கு நீ என்ன கேட்டாய் என்று நினைவிருக்கிறதா? நீ கட்டிக்கொள்ளப் போவதாகச் சொல்கிற அந்தப் பையன் இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை என்றாய். ஊரில் அவன் அம்மாவின் பழத்தோட்டத்துக்குத் தண்ணீர் முறை வந்த நாளில் யாரோ நடுவிலேயே வாய்க்கால் ஷட்டரை இறக்கிப் பூட்டிவிட்டார்கள், அடுத்த முறை வருவதற்குள் பிஞ்செல்லாம் வதங்கி உதிர்ந்துவிட்டது, வாய்க்கால்காரரை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள் என்றெல்லாம் சொல்லிவிட்டு, "அப்பா, முப்பத்தொரு வருஷம் வால்வோட குடித்தனம் பண்ணினவர் நீங்க, அது எப்படி நடந்திருக்கும்னு உங்களுக்குத்தான் தெரியும், சொல்லுங்க" என்று கேட்டாய். நான் உடனே, பழைய பூட்டாக இருந்தால் தானாகவே விழுந்து மாட்டிக்கொண்டிருக்கும் என்றேன். தானாக விழவில்லையம்மா. பூட்டியது நான்தான்.

நீ இந்த இடத்தில் கடிதத்தை மடித்து வைத்துவிடுவாய் என்று தெரியும். வைத்துவிட்டு மறுபடி எடுத்துப் படி.

நான் நண்பர் வீட்டுக்குப் போகிறேன், அங்கே போன் எடுக்காது என்று சொல்லிவிட்டுப் போனேனே, அது அந்த ஊருக்குத்தான். அம்மாவுக்கும் அதே பொய்தான் சொன்னேன். அந்தப் பையனைப் பற்றி நீ சொன்ன நாளிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை. மழையே பெய்யாத, கள்ளியும் கல்லுமாகக் கிடக்கிற பொட்டல் காட்டு ஓரத்தில் ஒரு ஊர், அங்கே ஒரு தனிக்கட்டை அம்மா, முன்னறையை வருகிறவர் போகிறவருக்கு வாடகைக்கு விட்டுப் பிழைக்கிறார் என்றால், பெண்ணைப் பெற்றவன் சும்மா இருப்பானா? நேரில் பார்த்துவிட்டு வந்து, பார்த்தாயா நான் சொன்னது சரிதானே என்று உன்னிடம் பேசலாம் என்றுதான் கிளம்பினேன். ஒளிக்காமல் சொல்கிறேன், குறை கண்டுபிடிக்கத்தான் போனேன். உறவுக்காரர் ஒருவருக்கு நிலம் பார்க்க வந்திருக்கிறேன் என்று சொல்லி அந்த அம்மா வீட்டு முன்னறையிலேயே போய்த் தங்கினேன். பெயரைக்கூட மாற்றிச் சொன்னேன். அறுபத்திரண்டு வயதில் எனக்கு இந்த வேஷம்.

பஸ் காலையில் புறப்பட்டால் சாயங்காலம்தான் போய்ச் சேருகிறது. கடைசி மூன்று மணி நேரம் ஜன்னல் பக்கம் பார்க்க ஒன்றுமே இல்லை, சாம்பல் நிறத்தில் கல், நடுநடுவே முள்ளுச்செடி, எங்கோ தூரத்தில் ஒரு கழுதை. பிறகு ஒரு மேட்டில் ஏறி இறங்கியதும் சட்டென்று கீழே பச்சையாக ஒரு கோடு. அதுதான் ஆறு. ஆறு என்றால் நம் தெரு அகலத்துக்குக் கலங்கலாக, சத்தமில்லாமல் போகிறது. அதற்கு இரண்டு பக்கமும் வயலும் பழத்தோட்டமும் மரமும். நான்கு எட்டு தள்ளிப் போனால் மறுபடியும் கல்தான். அந்தப் பச்சைக்குள்ளேயே வீடுகள், ஒரு பள்ளிக்கூடம், ஒரு உரக்கடை, சைக்கிளுக்குக் காற்றடிக்கிற கடை, எல்லாம் இருக்கின்றன. மத்தியானத்தில் தெருவில் நடந்தால் நம் செருப்புச் சத்தம் நமக்கே பெரிதாகக் கேட்கிறது. ஹாரன் அடிக்கிறவர்கூட யாரும் இல்லை. ஊரைக் குறை சொல்ல வந்தவனுக்கு முதல் நாளே கொஞ்சம் ஏமாற்றம்தான்.

அந்த அம்மா வாசலுக்கு வந்ததும், "எட்டு மணி நேரம் பஸ்ஸுல உட்கார்ந்து வந்திருக்கீங்க அண்ணா, பேச்செல்லாம் அப்புறம், முதல்ல கால நீட்டி உட்காருங்க" என்று சொல்லிச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். நான் செம்பின் அடியில் அழுக்கு இருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை. குளிக்கிற அறையைப் பார்த்தேன், தொட்டி மூடியைத் தூக்கிப் பார்த்தேன், கொடியில் காய்கிற துணியைக்கூடப் பார்த்தேன். எல்லாம் நம் வீட்டை விடச் சுத்தம், இதை அம்மாவிடம் சொல்லிவிடாதே. பாத்திரம் கழுவிய தண்ணீர் கறிவேப்பிலைச் செடிக்குப் போகிறது, குளித்த தண்ணீர் முருங்கைக்குப் போகிறது. கண்ணாடிச் சட்டத்தின் ஓரத்தில் ஒரு போட்டோ செருகியிருந்தது. அந்தப் பையனும் பக்கத்தில் நீயும். நீ அந்த மஞ்சள் ஸ்வெட்டர் போட்டிருக்கிறாய். நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு அந்த அம்மா, "மருமகளா வரப்போற பொண்ணு. அவங்க அப்பா இன்னும் சரின்னு சொல்லல. தண்ணி போர்டுல வேலை பார்த்தவராம். ஊருக்கே நேரம் தவறாம தண்ணி விட்டவரு நியாயம் தெரிஞ்சவராத்தான் இருப்பாரு, நிதானமா யோசிச்சு சொல்லட்டும்" என்றார். நான் இருமினேன். வேறு என்ன செய்ய? அப்போதே சொல்லியிருக்கலாம். அந்த ஒரு நிமிடத்தை நான் விட்டேன், அதற்குப் பிறகு எல்லாமே கையை மீறிப் போயிற்று.

மறுநாள் புதன்கிழமை. அங்கே யாரும் நினைத்தபோது தண்ணீர் பாய்ச்ச முடியாது. ஆற்றிலிருந்து ஒரு வாய்க்கால், அதிலிருந்து ஒவ்வொரு தோட்டத்துக்கும் ஒரு இரும்பு ஷட்டர், சக்கரத்தைச் சுற்றினால் ஏறும் இறங்கும். பதினொரு நாளைக்கு ஒரு தடவை ஒருவருக்கு ஆறு மணி நேரம். வாய்க்கால்காரர் சைக்கிளில் வந்து பூட்டைத் திறந்து சங்கிலியில் தொங்கவிட்டுப் போவார், நேரம் முடிந்ததும் வந்து இறக்கிப் பூட்டுவார். சாவி அவரிடம் மட்டும்தான். இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது. அன்று மத்தியானம் அந்த அம்மா பழம் போடச் சாக்கு வாங்க வேண்டும் என்று கடைக்குப் போயிருந்தார். நான் சாப்பிட்டுவிட்டு ஆற்றோரமாகச் சும்மா நடந்தேன். ஒரு கிர்ணிப்பழத் தோட்டம். பாத்தியெல்லாம் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் நிற்கிறது, கடைசி வரப்பு தாண்டிப் பள்ளத்தில் சளசளவென்று வழிந்து ஓடுகிறது. சுற்றிலும் ஒரு ஆள் இல்லை. உனக்குத்தான் என்னைத் தெரியுமே. பக்கத்து வீட்டுக் குழாய் சொட்டினால்கூட எழுந்து போய் மூடிவிட்டு வருகிற ஜென்மம். இந்த வறண்ட ஊரில் இப்படித் தண்ணீரைப் பாழாக்குகிறார்களே, இவர்களுக்கா பெண்ணைக் கொடுப்பது என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சக்கரத்தைப் பிடித்து இறுக இறக்கினேன், திருகு பிடித்துக்கொள்ளாமல் இருக்கக் கால் சுற்று தளர்த்தினேன், எங்கள் வழக்கப்படி. தொங்கிய பூட்டை அமுக்கிப் பூட்டினேன். ஒரு வால்வை மூடிவிட்டுப் பூட்டாமல் வந்ததாக என் வாழ்க்கையில் கிடையாது. கையைத் தட்டிவிட்டுக்கொண்டு, பெரிய நல்ல காரியம் செய்தவன் மாதிரி வந்து படுத்துத் தூங்கினேன்.

அது அந்த அம்மாவின் தோட்டம். வழிந்த தண்ணீரும் வீண் இல்லை. அந்த மண்ணில் அடியிலிருந்து உப்பு மேலே ஏறுமாம். மேலாகத் தண்ணீரை நிறுத்தி, கடைசியில் வழியவிட்டு உப்பைக் கழுவி வெளியே தள்ளினால்தான் கொடி பிழைக்குமாம். தண்ணீரைப் பற்றி எல்லாம் தெரியும் என்று இருந்தவனுக்கு இது தெரியவில்லை. அந்த அம்மா சாக்கோடு வந்து பார்த்தபோது பாத்தி வடிந்துவிட்டது, வாய்க்கால் நிறையத் தண்ணீர் கண் முன்னால் போகிறது, ஷட்டர் பூட்டிக்கிடக்கிறது. சாவிக்காக வாய்க்காலின் மறுகோடிக்கு ஓடியிருக்கிறார். வாய்க்கால்காரரைக் கூட்டி வருவதற்குள் ஆறு மணி நேரம் முடிந்து முறை அடுத்தவருக்குப் போய்விட்டது.

சாயங்காலம் எழுந்து, அந்த அம்மா பிளாஸ்கில் வைத்துவிட்டுப் போன டீயை ஊற்றியபோது வாசலில் சத்தம் கேட்டது. வாய்க்கால்காரர் ஒல்லியான மனிதர், சைக்கிளைக்கூட நிறுத்தாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றார். "அக்கா, என் ரெண்டு பிள்ளைங்க மேல சத்தியம், திறந்து விட்டதுக்கப்புறம் நான் அந்தப் பக்கமே வரல" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். கூட வந்தவர்கள், "சாவி உன்கிட்ட, பூட்டினது என்ன பேயா? கீழ்த்தோட்டத்துக்காரனுக்குத் தண்ணி விட்டுக்கொடுத்திருக்கே" என்று மேலே பாய்ந்தார்கள். அமுக்குகிற பூட்டைப் பூட்டச் சாவி தேவையில்லை என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. தோன்ற வேண்டிய ஒருவன் முன்னறையில் டீ டம்ளரோடு உட்கார்ந்திருந்தான். நான் எழுந்தேன். வாசல்படி வரைக்கும் வந்தேன். சொன்னால் யார் நீ என்பார்கள், பொய்ப் பெயர் வெளியே வரும், நான் உன் அப்பா என்று தெரியும், உன் கல்யாணம் என்னால் நின்றது என்று ஆகும். இப்படி உன் பேரைச் சொல்லி எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மை அது இல்லையம்மா. அத்தனை பேர் முன்னால் அசடாக நிற்க எனக்குத் தைரியம் வரவில்லை, அவ்வளவுதான். வாய்க்கால்காரர் சாவிக்கொத்தை இடுப்பிலிருந்து கழற்றித் தரையில் வைத்துவிட்டு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டே போனார், ஏறவில்லை. நான் திரும்பி வந்து ஆறின டீயைக் குடித்தேன்.

விடிந்ததும் முதல் பஸ்ஸுக்குக் கிளம்பினேன். அந்த அம்மா முந்தின வாரம் பறித்ததில் நல்லதாக இரண்டு பழம் பையில் போட்டுக்கொடுத்து, "உங்களைச் சரியா கவனிக்க முடியல அண்ணா, வந்த நேரம் இப்படி ஆயிடுச்சு" என்று என்னிடம் வருத்தம் தெரிவித்தார். என்னிடம்! பழத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்தேன். அம்மா நறுக்கி, இவ்வளவு இனிப்பாக நான் சாப்பிட்டதே இல்லை, எங்கே வாங்கினீர்கள் என்றாள். நான் ஒரு துண்டுகூட வாயில் வைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நீ போனை வைத்த பிறகு அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். "கை அரிச்சா சொறிஞ்சுக்க வேண்டியதுதானே, ஊரான் வீட்டு ஷட்டரையா பிடிச்சுத் திருகுவாங்க" என்று ஆரம்பித்தவள், வாய்க்கால்காரர் விஷயம் வந்ததும் நிறுத்திவிட்டாள். அதிலிருந்து பேச்சு இல்லை. தட்டை என் முன்னால் வைக்கிற சத்தத்தில்தான் எனக்கு இன்னும் சோறு உண்டு என்று தெரிகிறது. நேற்று காலையில் மட்டும் என் வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு நாற்காலியில் மாட்டிவிட்டு, எப்போ கிளம்புகிறீர்கள் என்று கேட்டாள். நாளைக் காலை பஸ்ஸுக்குக் கிளம்புகிறேன். இந்தக் கடிதத்தை இன்றைக்கே தபாலில் போட்டுவிடுகிறேன், போட்டுவிட்டால் பிறகு என்னாலும் பின்வாங்க முடியாது. அந்த அம்மாவிடம் என் பெயரையும், நான் உனக்கு யார் என்பதையும் சொல்லப்போகிறேன். பிறகு வாய்க்கால்காரர் வீட்டுக்குப் போய், அவருடைய பிள்ளைகள் முன்னாலேயே சொல்லப்போகிறேன், ஏனென்றால் அவர்கள் மேல்தான் அவர் சத்தியம் செய்தார். அவரை வேலையை விட்டு நிறுத்தியவர்களை அந்த ஷட்டர் அருகில் கூட்டி, எப்படிப் பூட்டினேன் என்று பூட்டிக் காட்டுவேன். அடிக்க வந்தால் வாங்கிக்கொள்வேன்.

நீ ஒன்றே ஒன்று செய். இந்தக் கடிதம் வரும்போது அநேகமாக எல்லாம் முடிந்திருக்கும், இருந்தாலும் நான் போன் செய்யும்வரை அந்தப் பையனிடம் எதுவும் சொல்லாதே. அவன் அம்மாவிடம் விஷயம் முதலில் என் வாயால்தான் போக வேண்டும். இரும்பு மாத்திரையை விடாமல் சாப்பிடு. ராத்திரி வேலை முடிந்து தனியாக நடந்து வராதே. நீ எடுத்த எந்த முடிவிலும் நான் குறை காணவில்லை, காண எனக்கு அருகதையும் இல்லை. நீங்கள் இருவரும் நீண்ட காலம் ஒருவருக்கொருவர் துணையாக, மனம் நிறைந்து வாழ வேண்டும் என்று முழு மனதோடு ஆசீர்வதிக்கிறேன்.

ஆனால் என் சம்மதத்தை நீ இனிமேல் எதிர்பார்த்துக் காத்திருக்க வேண்டாம். இத்தனை மாதம் நான் பெண்ணைப் பெற்றவன், வீடு வாசல் பார்த்துத்தான் கொடுப்பேன் என்று மிதப்பில் இருந்தேன். பார்த்துவிட்டேன். நாளைக்கு அவர்கள் என்னைப் பார்க்கட்டும். பார்த்துவிட்டு, இப்படிப்பட்ட வீட்டில் என் பிள்ளை சம்பந்தம் செய்ய மாட்டான் என்று அந்த அம்மா சொன்னால், அது உன் தலையெழுத்து இல்லை, என் கை செய்தது. அதற்காக நீ அவர்மேல் கோபப்படக் கூடாது.

இப்படிக்கு,
உன் முகத்தைப் பார்க்கக் கூசுகிற
அப்பா