மூன்றாம் மேசையின் சீட்டு

நீ போன செய்தி வந்தபோது நான் தலைக்கு டை அடித்துக்கொண்டிருந்தேன். வெட்கக்கேடுதான், சொல்லிவிடுகிறேன். உன் மனைவி மீரா போனில், "அண்ணா, அவர் போயிட்டார்" என்றாள். "இதோ வரேம்மா" என்றேன். அப்புறம் டப்பாவில் போட்டிருந்தபடி முப்பது நிமிடம் காத்திருந்து, இரண்டு தடவை அலசி, கருகருவென்ற தலையோடு லேக் மார்க்கெட்டில் உன் மாடி ஏறினேன். வந்தவர்கள் உன்னைப் பார்த்துவிட்டு என் தலையைப் பார்த்தார்கள். எனக்கு அழுகை வரவில்லை. ஒன்றுமே வரவில்லை. எதிர்வீட்டு வங்காளி அண்ணி, அதான் நம் பௌதி, டீ கொடுத்தார், குடித்தேன். சர்க்கரை கம்மி.

இன்றைக்கும் அதே டை. அந்த நெடியில்தான் இதை எழுத உட்கார்ந்தேன். சாயங்காலம் பார்க் ஸ்ட்ரீட்டில் நம் கிளப்பின் சரித்திரத்தைச் சுவரில் பதித்துத் திறக்கிறார்கள். எழுதியது நான். இத்தனை வருஷம் ஊர்வம்பு பேசியதற்குக் கிடைத்த முதல் மரியாதை.

என்ன பெரிய சரித்திரம்! ஞாயிறு மதியம் ஐந்து பேர் பாண்டு, ஜிகினா கவுனில் பாடகி, காய்ந்த சாண்ட்விச். வாரமெல்லாம் இன்சூரன்ஸ் ஆபீஸ் குமாஸ்தா, ஞாயிற்றுக்கிழமை மட்டும் டிரம்ஸ் வாசிப்பவன் நீ. பாடகிக்கும் சாக்ஸபோன்காரருக்கும் பேச்சு நின்றுபோன சமயத்தில் இருவரும் உன் மூலமாகத்தான் சுருதி கேட்டுக்கொண்டார்கள். ஐந்து பேர் மூன்று பேரானார்கள், பிறகு கீபோர்டும் நீயும் மட்டும். கடைசியில் டிஜே வந்தார். உன் டிரம்ஸ் மேல் கோட்டு மாட்டினார்கள்.

என்னைக் காகு, அதாவது சித்தப்பா, என்று கூப்பிடும் புது மேனேஜர் என் கட்டுரையில் உன் பெயரில் விரலை வைத்தார். "பாடகிகளுக்கு போட்டோ இருக்கு காகு. இவர் இங்க வாசிச்சதுக்கு என்ன ஆதாரம்? இல்லேன்னா எடுத்துடலாம்." எல்லாப் படத்திலும் நீ இருக்க வேண்டிய இடத்தில் பாடகியின் கொண்டை இருக்கிறது. மீரா பீரோவைக் குடைந்து ஒரே ஒரு காகிதம் கொண்டுவந்தாள்.

அந்தச் சீட்டுதான். கிளப் பெயர் அச்சடித்த சீட்டில் விருப்பப் பாட்டை எழுதி வெயிட்டரிடம் கொடுப்பார்களே, அது. பாட்டுக்குப் பதில், கொட்டை கொட்டையான ஆங்கில எழுத்தில், உன் பெயரைப் போட்டு, 'டிரம்ஸைக் கொஞ்சம் மெதுவாக வாசிக்கச் சொல்லவும். மூன்றாம் மேசை.'

அன்று உன் காது சிவந்ததை நான் பார்த்தேன். "எவன்டா அந்தக் கழுதை?" ஒரு மாதம் துப்புத் துலக்கினோம். நான் ஒரு தேயிலை வியாபாரியைக் காட்டினேன். பாவம், அந்த மனுஷனுக்கு நீ அப்புறம் வணக்கமே சொன்னதில்லை. ஆனால் அடுத்த ஞாயிறே குச்சியை வைத்துவிட்டு, மெல்ல உரசி வாசிக்கும் கம்பி பிரஷ்ஷை எடுத்தாய். "இப்பத்தான் என் குரல் எனக்கே கேக்குது" என்றாள் பாடகி. பிரஷ்காரன் என்று பெயர் வந்தது. "அந்தக் கழுதை சொன்னது சரிதான்டா" என்றாய் நீயும்.

மேனேஜர் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கெஸ்ட்டே பேர் சொல்லி எழுதியிருக்காங்களே! அப்போ பெரிய ஆள்தான்." உன் பெயர் நின்றது. சீட்டுக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டாயிற்று. ஜெராக்ஸ் என் சட்டைப்பையில் இருக்கிறது.

"மூணாம் மேசைக்காரர் யாருன்னு தெரியவே இல்லையேண்ணா" என்றாள் மீரா. "ஒரு நன்றி சொல்லணும்னு சொல்லிட்டே இருந்தார்."

"தெரியலைம்மா" என்றேன். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. காட்ட ஒன்றும் இல்லை.

அந்தச் சீட்டு வந்த ஞாயிறு, வழக்கமாக நிற்கும் பார் ஓரத்தை விட்டு மூன்றாம் மேசைக்கு வந்திருந்தேன். பாடகியின் கொண்டை மறைத்ததில் நீ பார்க்கவில்லை. பக்கத்து நாற்காலிப் பெண்ணிடம் பெயர் கேட்டேன். சொன்னாள். உன் சத்தத்தில் காதில் விழவில்லை. வெயிட்டரிடம் ஒரு சீட்டு கேட்டேன்.