உமி போன வழி

நம்பேலா,
மட்டும்பி மலை.

அன்புள்ள மப்ரூக்கி அண்ணாவுக்கு,

தங்கை சொமோயே எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். துறைமுக வேலை உன் முதுகை ஒடிக்காமல் இருக்கிறதா? இங்கே அம்மாவுக்கு இருமல் விட்டது. முந்திரி பூத்திருக்கிறது. மரவள்ளியைத்தான் காட்டுப்பன்றி தோண்டிப் போடுகிறது.

நீ கோபித்துக்கொள்ளும் காரியம் ஒன்று செய்திருக்கிறேன். முழுக்கப் படித்துவிட்டுக் கோபப்படு.

நம் ஓடை குகைக்குள் விழுந்து காணாமல் போகிறதே, அது எங்கே போகிறது என்று சின்ன வயதிலிருந்தே எனக்கு ஒரு குடைச்சல். பூமிக்குள் போகிறது என்பார்கள். பூமிக்குள் எங்கே என்று கேட்டால், போய் வேலையைப் பார் என்பார்கள். குகை வாயருகே நாம் ஆடுகளுக்கு உண்ணி மருந்து போட்டுக் கழுவிய மறுவாரம், மலைக்கு அந்தப் பக்கம் சிங்கோ ஊற்றில் மீன் செத்து மிதந்ததாகத் தன் அப்பா சொன்னார் என்று ருக்கியா அண்ணி சொன்னாள் அல்லவா? "தண்ணி என்ன மலை ஏறியா போகும்? உங்க அப்பன் பொய் சொல்றான்" என்று நீ ஊர் கேட்கச் சொன்னாய். அண்ணி பாயைச் சுருட்டிக்கொண்டு சிங்கோவுக்கு, அப்பா வீட்டுக்கே போனாள். நீயும் துறைமுகத்துக்குப் போய்விட்டாய். எனக்கு அந்தக் கேள்வி மட்டும் போகவில்லை.

போன வாரம் மில்லில் இரண்டு மூட்டை உமி வாங்கிக் குகைக்குள் கொட்டினேன். உடனே மலை ஏறினேன். செம்மண் முடிந்து வெள்ளைக் கல் தொடங்கும் மேட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. ஆனால் அண்ணா, அங்கே பாறைப் பிளவில் காதை வைத்தால் கீழே எங்கோ இரைச்சல் கேட்கிறது! எவ்வளவு நேரம் அப்படியே படுத்திருந்தேனோ தெரியாது.

சிங்கோவில் அண்ணியின் அப்பா சலாமுக்குப் பதில் சொன்னார், உட்காரச் சொல்லவில்லை. அண்ணனுக்குச் சாட்சி தேட வந்தாயா என்று கேட்டார். எது உண்மை என்று பார்க்க வந்தேன் என்றேன். ஊற்றின் வாயில் கொசுவலையைக் கட்டிக் காத்திருந்தேன். இரண்டு நாள் சருகுதான் வந்தது. இரண்டாம் நாள் மாலை அவரும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

மூன்றாம் நாள் காலை தண்ணீர் எடுக்க வந்த அண்ணிதான் முதலில் பார்த்தாள். வலை முழுக்க உமி. அவள் அப்பா ஒரு கை அள்ளி முகர்ந்து பார்த்துவிட்டு, வீட்டுக்குள் போய் எனக்கு ஒரு முக்காலி எடுத்து வந்தார். அண்ணி வலையை அவிழ்த்துக்கொண்டே, "நீ மலை ஏறி வந்துட்ட சொமோயே. வர வேண்டியவரு எங்க?" என்றாள்.

திரும்பி வந்து நம் ஊர்க் கூட்டத்தில் நடந்ததையெல்லாம் சொல்லிவிட்டேன். இனிக் குகைப் பக்கம் ஆடு கழுவுவதில்லை என்று முடிவாகிவிட்டது. ஆனால் உனக்காக நான் மன்னிப்புக் கேட்கவில்லை. அது நான் கேட்கக்கூடியது இல்லை.

மழை பிடித்தால் மேட்டுப் பாதை வழுக்கும். அதற்கு முன் வா. வீட்டுக்கு வராமல் நேரே சிங்கோவுக்குப் போனாலும் அம்மா வருத்தப்பட மாட்டாள், கேட்டுவிட்டேன். அல்லாஹ் உன் காலுக்கு வலுவையும், அந்த வாசலில் நிற்கும்போது உன் நாவுக்கு ஒரே ஒரு வார்த்தையையும் தரட்டும்.

உன் தங்கை,
சொமோயே