படிவத்தில் இல்லாத ஆள்

10 ஜனவரி 2024
புதன்கிழமைக் கூட்டம். பாலியல் தொழில் செய்யும் பெண்களுக்குச் சுடலைச்செல்விதான் ஆணுறை வகுப்பு எடுத்தாள். அவளும் அதே தொழில்தான். இரண்டு வருடமாக எங்கள் தொண்டு நிறுவனத்திலும் வேலை பார்க்கிறாள். "உறை வேண்டாம்னு சொன்னா, செருப்பப் போட்டுட்டு கெளம்புன்னு சொல்லிருவேன்" என்கிறாள். ஆலோசகர் என்று பெயர் எனக்கு. சர்ச்சில் சபைக் கூட்டத்தில் வாய் திறக்கவே பயப்படுகிறவள் நான். இவளுக்கு எங்கிருந்து வருகிறது இந்தத் துணிச்சல்?

30 ஜனவரி
செல்வியின் படிவத்தில் 'ஆணுறை: எப்போதும்' என்று வழக்கம்போல் டிக் போடப் போனேன். "வீட்ல பாண்டி கூட மட்டும் கெடையாதுக்கா" என்றாள், சர்வ சாதாரணமாக.

தங்கப்பாண்டி, உப்பு லாரி டிரைவர். அவளுக்கு மஞ்சள் கயிறு கட்டியவன். லோடு போகிற ஊரிலெல்லாம் அவனுக்குப் பெண்கள் உண்டு, அதுவும் அவளுக்குத் தெரியும். "உறை போட்டா அவனும் கஸ்டமர் ஆயிருவாம்லா. பொறவு கயித்துக்கு என்ன மரியாத?"

படிவம் வாடிக்கையாளரைப் பற்றி மட்டும்தான் கேட்கிறது. நானும் அதை மட்டுமே கேட்டிருக்கிறேன். இரண்டு வருடம்.

"பக்குவமா எடுத்துச் சொல்லு" என்று அனுப்பிவைத்தேன்.

4 பிப்ரவரி
ஞாயிறு. ஆராதனையில் மனம் நிற்கவில்லை.

6 பிப்ரவரி
பக்குவமா எடுத்துச் சொல்லாம்! எனக்கு என்ன தெரியும்?

செல்விக்கு உதடு கிழிந்திருக்கிறது. இடது கண் மூடிக்கிடக்கிறது. நேற்று உறையை நீட்டியிருக்கிறாள். "ஏளா, நானும் ஒனக்கு கஸ்டமரா?" என்று அடித்து, வலுக்கட்டாயமாக — எழுத வரவில்லை. என் புத்திமதிக்கு அவள் அடி வாங்கியிருக்கிறாள். மன்னிப்புக் கேட்டேன்.

"நீங்களா அடிச்சிய? அழாதியக்கா. நோய் வராம இருக்க என்ன செய்யணும், அதச் சொல்லுங்க."

ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். காயத்துக்கு மருந்து, எச்.ஐ.வி. தொற்றாமல் தடுக்க இருபத்தெட்டு நாள் மாத்திரை. இப்போது தொற்று இல்லை. மூன்று மாதம் கழித்துத்தான் உறுதியாகத் தெரியும்.

7 பிப்ரவரி
வீங்கிய கண்ணோடு வகுப்பு எடுக்க வந்துவிட்டாள்.

"ஊர்க்காரனுக்கெல்லாம் உறை, வீட்டுக்காரனுக்கு மட்டும் வேண்டாம்னு இருந்தேன். இங்கன வேற யாருக்கு இப்பிடி?"

முதலில் முன்வரிசையில் இருந்த பெனிஷா கை தூக்கினாள். அப்புறம் நான் எண்ணுவதை விட்டுவிட்டேன்.

9 பிப்ரவரி
காலை பத்து மணி. செல்வி வீட்டு வாசலில் வகுப்புக்கு வரும் ஏழு பெண்கள் உட்கார்ந்து சாளை மீன் ஆய்ந்துகொண்டிருந்தார்கள்.

"வீடு எம் பேர்ல எடுத்தது. நீ கெளம்பு" என்றாள் செல்வி. பாண்டி கத்தினான். ஒருத்தியும் தலை நிமிரவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு அவர்களைத் தாண்டித்தான் அவன் போகவேண்டியிருந்தது. அவன் தெருமுனை திரும்பிய பிறகுதான் செல்விக்கு நடுக்கம் வந்தது. பெனிஷாவின் மீன் கையைப் பிடித்துக்கொண்டாள். பயந்துகொண்டே செய்திருக்கிறாள். அதனால்தான் அவளை இன்னும் அதிகமாக மதிக்கிறேன்.

4 மார்ச்
கடைசி மாத்திரை. வாந்தியும் மயக்கமுமாக, ஒரு நாள் விடாமல் முடித்துவிட்டாள்.

11 மார்ச்
பாண்டி புதுச் சேலையோடு வந்து நின்றானாம். "டெஸ்ட் பேப்பர் எங்க?" என்று கேட்டாளாம். போய்விட்டான். "கலர் நல்லாத்தாங்கா இருந்துச்சு" என்கிறாள்.

13 மே
நம்பிக்கை மையத்தில் எச்.ஐ.வி. பரிசோதனை முடிவு. தொற்று இல்லை. தாளை வாங்கி நான்தான் இரண்டு முறை படித்தேன். அவள் கழுத்தில் கயிறு இல்லை.

22 மே
விளாத்திகுளத்திலிருந்து புதிதாக ஒரு பெண். நான் படிவத்தை எடுத்து முதல் கேள்விக்கு வாய் திறப்பதற்குள் செல்வி நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"கஸ்டமர் கதையப் பொறவு பேசுவோம். வீட்ல யாரு இருக்கா?"

அந்தப் பெண் அழ ஆரம்பித்தாள். படிவத்தைத் திருப்பிப் போட்டு, பின்பக்கம் எழுதத் தொடங்கினேன்.