நாற்காலித் துணி அப்படியே இருக்கட்டும்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் நன்றாக இருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிட்டு வேளைக்குத் தூங்கி உடம்பும் மனசும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். கையெழுத்தைப் பார்த்துவிட்டு யாரோ எழுதிக் கொடுத்தது என்று நினைக்காதே, நானேதான். இதுவரை உனக்கு வந்த கடிதமெல்லாம் அம்மா எழுதியது, நான் பக்கத்தில் நின்று அப்பாவும் கேட்டதாக எழுது என்று சொல்வதோடு சரி. பக்கவாதம் வந்து அவள் வலது கை சோர்ந்து, பேச்சும் தடைப்பட்டுப்போன பிறகு பயிற்சி நிலையத்தில் இடது கையால் எழுதப் பழக்குகிறார்கள். கூடப் போகிற நான் எழுத்துத் தெரியாமல் சும்மா உட்கார்ந்து கொட்டாவி விடுவதைப் பார்த்து அங்கே இருக்கிற பேச்சு டீச்சர், ஐயா நீங்களும் ஒரு பென்சிலை எடுங்க என்று சொல்லிவிட்டார். இப்போது நானும் உன் அம்மாவும் ஒரே வகுப்பு, அவள் முதலாவது, நான் கடைசி. நூல் கட்டி வீடு வீடாகச் சுவரில் நேர்கோடு போட்டுப் பெயின்ட் அடித்த கை இது, காகிதத்தில் மட்டும் மாடிப்படி ஏறுகிற மாதிரி போகிறது. ஒரு பக்கம் எழுத ஒரு காலைப் பொழுது ஆகிறது. இருந்தாலும் எவ்வளவு சந்தோஷம் தெரியுமா, நேற்று பஸ்ஸில் போகும்போது கடைப் பலகைகளை எல்லாம் சத்தமாகப் படித்துக்கொண்டே வந்தேன், கண்டக்டர் ஒரு மாதிரி பார்த்தார்.

போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் உன்னிடம் பேச எனக்கு எங்கே இடம் கிடைக்கிறது, கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது அல்லவா, அதுதான். அம்மாவுக்கு என் மேல கோபமாப்பா, ஏன் லைனுக்கே வர மாட்டேங்கிறாங்க என்று போன வாரம் அழுதாயே, அதற்குப் பதில் எழுதத்தான் உட்கார்ந்தேன். கோபம் இல்லை. கடைசியாக அவள் உன்னோடு பேசிய நாளை நினைத்துப் பார். அவள் சி, சி என்று ஆரம்பித்தாள். நீ உடனே சீனியாம்மா, சீப்பா, சிலிண்டர் தீர்ந்துபோச்சா என்று கடையே விரித்தாய். அவள் மறுபடி சி என்றாள், நீ சின்ன அத்தையா, சித்தியா என்று சொந்தக்காரர்களைக் கூட்டி வந்தாய். போனை என் கையில் திணித்துவிட்டு எழுந்து போனவள், சுவரில் இருக்கிற உன் படத்தைத் தட்டித் தட்டிக் காட்டினாள். உன்னைச் சில்வண்டு என்று கூப்பிட வந்திருக்கிறாள். வாய் ஓயாத பிள்ளை என்று அவளே வைத்த பெயர், உன்னைத் தவிர வீட்டுச் சாமான் எல்லாவற்றையும் எடுத்துக் கொடுத்தாய் நீ. அன்றிலிருந்து போன் மணி அடித்தால் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்து விட்டுக்கொள்கிறாள். பெற்ற பிள்ளையின் பெயர் வாயில் வரவில்லையே என்ற வெட்கம், வேறு ஒன்றும் இல்லை. உன்னை மறந்துவிட்டாள் என்று நீ நினைத்துக்கொள்வாயோ என்று பயப்படுகிறாள். பெயர் உள்ளேதான் இருக்கிறது, வருகிற வழிதான் அடைத்திருக்கிறது என்று பேச்சு டீச்சர் எனக்கு விளக்கிச் சொன்னார்.

அந்த வழி எப்படித் திறந்தது என்று கேள். பயிற்சி நிலையத்தில் டம்ளர் படம் போட்ட அட்டையைக் காட்டி இது என்னம்மா என்று டீச்சர் கேட்கிறார், இவள் முழிக்கிறாள், நெற்றியெல்லாம் வேர்த்துவிட்டது. நான் பார்க்கப் பொறுக்காமல் பக்கத்தில் கிடந்த துண்டுகளை எடுத்து மடித்தேன். திடீரென்று இவள், இப்படியா மடிப்பாங்க எடுங்க கையை என்றாள். ஒரே மூச்சில், ஒரு எழுத்து பிசகாமல். டீச்சருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. வருஷக்கணக்கா சொல்லிப் பழகுனது தானா வருதுங்க ஐயா, அது வேற கதவு, அதைத் தட்டிக்கிட்டே இருங்க என்றார். இவ்வளவு காலம் நான் எந்த முயற்சியும் செய்யாமல் திட்டு வாங்கினேன், இப்போது பாடுபட்டு வாங்க வேண்டியிருக்கிறது. ஈரப் போர்வையைச் சுருட்டி அப்படியே கொடியில் போட்டேன், ஃபிரிட்ஜைத் திறந்து வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றேன், பட்டப்பகலில் எல்லா லைட்டையும் போட்டேன். கரண்டு பில்லை யாரு உங்க தாத்தாவா கட்டுவாரு என்றாள், கேட்டு எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு நாள் சட்டையைப் பார்த்துப் பார்த்து உள்வெளியாக மாட்டிக்கொண்டு அவள் முன்னால் போய் நின்றேன். கொஞ்ச நேரம் பார்த்தாள். வாயின் இடது ஓரத்தில் சிரிப்பு வந்தது. பிறகு மெல்ல, துண்டு துண்டாக, ந, நடிக்காதீங்க என்றாள். அது பழகிய திட்டு இல்லை மகளே, அன்றைக்கே புதிதாகச் செய்த வார்த்தை. டீச்சரிடம் சொன்னபோது அவர் எழுந்து நின்று கை தட்டினார்.

முழு நேரத்துக்கும் ஆள் வைக்கலாம், அம்மாவை ஒரு வேலையும் செய்ய விடாதீங்க என்கிறாயே, அது இப்போது வேண்டாம். சோர்ந்த கையை முதலில் சட்டைக்குள் விட்டு அவளே போட்டுக்கொள்கிறாள், நான் பட்டனுக்குக் கை நீட்டினால் அடி விழுகிறது. நடைவழிச் சுவரில் பிடித்துக்கொண்டு நடக்க ஒரு மரக்கட்டை அடித்துப் பச்சைப் பெயின்ட் கொடுத்தேன், நிறம் பிடிக்கவில்லை என்று மூக்கைச் சுளித்துவிட்டு, தினமும் அதைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை போய் வருகிறாள். ஆள் வைத்துவிட்டால் அந்த ஆள் எல்லாவற்றையும் சரியாகச் செய்வார், பிறகு இவள் யாரைத் திட்டுவது.

இப்போது முக்கியமான விஷயம். முந்தாநாள் நீ போனில் ஒரு போட்டோ அனுப்பினாயே, உன் பின்னால் ஒரு நாற்காலி, அதன்மேல் துவைத்த துணி மலை மாதிரி. அம்மாவிடம் காட்டினேன். கண்ணை இடுக்கிப் பார்த்தவள், ஏய் சில்வண்டு துணியை மடிச்சு வை என்றாள். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே புரிந்தது, இடது கையால் வாயைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தாள். இன்னொரு தரம் சொல்லேன் என்று கெஞ்சினேன், வரவில்லை. சி என்பதோடு நின்றுவிட்டது. எரிச்சலில் தலையணையை என் மேல் எறிந்தாள், குறி மட்டும் முன்னைப் போலவே தப்பவில்லை. ஆனாலும் அந்தப் போட்டோ இருக்கிற போனைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டுதான் தூங்கினாள்.

அதனால் இந்தக் கடிதம் கிடைத்த பிறகு வருகிற ஞாயிற்றுக்கிழமை காலையில் முகம் தெரிகிற மாதிரி போன் செய். குழாய்ப் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. எப்படிம்மா இருக்கே, என்னைத் தெரியுதா, என் பேரு சொல்லு என்று பரீட்சை வைக்காதே. அவள் சி என்றால் நீ வாயைத் திறக்கக் கூடாது. முதல் கோட் பெயின்ட் காயுமுன் அடுத்த கோட் அடித்தால் சுவரில் எல்லாம் உரிந்து வந்துவிடும், இதுவும் அப்படித்தான், காய விடு. உன்னால் சும்மா இருக்க முடியாது என்று எனக்குத் தெரியும், ஒரு வாய் தண்ணீரை வைத்துக்கொள். அன்றைக்கே வராவிட்டாலும் முகத்தைத் தொங்கப் போடாதே, அடுத்த வாரம் வேறு ஏதாவது அலங்கோலம் செய்து காட்டு, அதெல்லாம் உனக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

நீயும் மாப்பிள்ளையும் நோய் நொடி இல்லாமல், ஒருவர் பேச ஒருவர் கேட்டு, நெடுங்காலம் நன்றாக இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அந்த நாற்காலிக்கு முன்னால் உட்கார். அதுவரை துணி அப்படியே இருக்கட்டும். மாப்பிள்ளையிடமும் சொல்லி வை, அவர் நல்ல மனிதர், தெரியாமல் மடித்து வைத்துவிடப் போகிறார்.

இப்படிக்கு,
தானே எழுதி, தானே உறை ஒட்டிய
உன் அப்பா